இருளில் ஏழு கிலோமீட்டர்

மாணவர்களே, முதலமடையின் மலைச்சரிவில் பெய்யும் மழை, சுள்ளியாற்று அணையிலும் மீன்கரை அணையிலும் தேங்குகிறது. அங்கிருந்து காயத்ரிப்புழை வழியாகச் சென்று பாரதப்புழையில் கலந்து, பொன்னானியில் அரபிக்கடலை அடைகிறது. நம் ஊர்த் தண்ணீர் ஆண்டுதோறும் கடலுக்குப் போகிறது. ஆனால் வகுப்பில் கடலைப் பார்த்தவர்கள் யார் என்று கேட்டபோது உயர்ந்த கைகள் பாதிக்கும் குறைவு. பார்த்தவர்களும் பகலில் ஓரிரு மணி நேரம் நின்று, கால் நனைத்து, சுண்டல் தின்று திரும்பியவர்களே. இரவில் கடலோரம் நடந்தவர் ஒருவரும் இல்லை.

ஓர் இரவு முழுவதும் கடற்கரையில் நடப்பதற்கு எவ்வாறு திட்டமிடுவது என்பதே இப்பாடம். நான் எடுத்துக்கொள்ளும் நடை, சென்னையில் பல்லாண்டுகளாக நடைபெற்று வரும் ஆமை நடை. நீலாங்கரையில் தொடங்கி, பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் கடந்து பெசன்ட் நகரில் முடியும் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் மணல்வெளி அது. கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் பருவத்தில் இளைஞர்கள் இரவுதோறும் அங்கே நடந்து, ஆமைக் கூடுகளைத் தேடுகின்றனர்.

இந்நடையின் வரலாறு சுவையானது. 1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த சிலர் இக்கரையில் இரவில் நடந்து ஆமை முட்டைகளைக் காக்கத் தொடங்கினர். 1988ஆம் ஆண்டில் சென்னைக் கல்லூரி மாணவர்கள் ஒன்றுகூடி, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்னும் குழுவை அமைத்து அப்பணியைத் தாமே ஏற்றனர். தொடங்கியவர்கள் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டனர். அவர்களுக்குப் பின் வந்த மாணவர்கள் நடந்தனர்; இன்றும் நடக்கின்றனர். ஊதியம் பெறாத, ஆண்டுதோறும் ஆட்கள் மாறுகிற ஒரு குழு முப்பது ஆண்டுகளைக் கடந்து நிற்பது எளிய செய்தியன்று.

அந்தத் தொடக்க கால நடையர்களுள் ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தவர், படிப்பைவிடக் கடலை மிகுதியாக விரும்பினார். பின்னர் இந்தியக் கடற்கரையில் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, எந்தக் கரையில் எந்த ஆமை ஏறுகிறது என்று பதிவுசெய்தார். 1982ஆம் ஆண்டு மழைக்காலத்தில் இலட்சத்தீவுகளைச் சேர்ந்த, ஆளில்லாத சுஹேலித் தீவில் மாதக்கணக்கில் தனியாகத் தங்கினார். மழைக்காலத்தில் அத்தீவுக்குப் படகு செல்லாது. ஆகவே அத்தனை மாதங்களுக்கு வேண்டியவற்றையும் முன்னரே கணக்கிட்டு எடுத்துச் செல்லவேண்டியிருந்தது. அங்கிருந்து தம் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அது 24 நாள்களில் இலங்கைக் கரையை அடைந்தது. கண்டெடுத்த மீனவர் ஒருவர் அதை அந்த அம்மையாருக்கே அனுப்பிவைத்தார். திட்டத்தில் இல்லாத நற்செயல்களும் உலகில் நடக்கின்றன. ஆயினும் நாம் அவற்றை நம்பிப் புறப்படலாகாது.

இனித் திட்டத்திற்கு வருவோம். முதற்கேள்வி, எப்போது செல்வது? நமக்கு வசதியான நாள் எது என்றுதான் நாம் இயல்பாகத் தொடங்குவோம். இந்நடையில் அது பொருந்தாது. சென்னைக் கரையில் ஏறுவது சிற்றாமை. பங்குனி ஆமை என்றும் மீனவர் சொல்வர். பெயரிலேயே பருவம் இருக்கிறது. சனவரி முதல் ஏப்ரல் வரை அவை கரையேறுகின்றன. நமக்கு மார்ச்சு மாதம் ஆண்டுத் தேர்வு. தை பிறந்துவிட்டால் முதலமடையில் மாங்காய் பறிப்பும் தொடங்கிவிடும். உங்களுள் பலருடைய பெற்றோர் தோப்பை விட்டு நகர முடியாது. உங்கள் கைகளும் வீட்டில் தேவைப்படும். ஆகவே நமக்குக் கிடைப்பது சனவரிக் கடைசியும் பிப்ரவரித் தொடக்கமுமாகிய இரண்டு மூன்று வார இறுதிகளே. அக்குழுவினர் பருவ காலத்தில் வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்வது வழக்கம் என்பதால், சனிக்கிழமை இரவு நமக்கு ஒத்துவரும்.

அந்த இரண்டு மூன்று சனிக்கிழமைகளுள் எதைத் தேர்வது? இதற்கு உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டி போதும். வளர்பிறை எட்டாம் நாளை ஒட்டி நிலவு நள்ளிரவில் மறையும். தேய்பிறை எட்டாம் நாளை ஒட்டி நிலவு நள்ளிரவில் எழும். நம் நடையோ நள்ளிரவை ஒட்டித் தொடங்கி விடியலுக்கு முன் முடிவது. நான் தேய்பிறையையே தேர்வேன். கால்கள் சோர்ந்து, கண்கள் சொருகும் பின்னிரவில் கடலின்மேல் நிலவு உயர்ந்து வழிகாட்டும். அமாவாசையை ஒட்டிய இரவு முதன்முறை வருவோருக்குக் கடினம். முழுநிலவு இரவில் நடப்பது எளிது. நாட்காட்டி தரும் வாய்ப்பைப் பார்த்து முடிவு செய்யலாம்.

நிலவைப் பார்த்தால் ஓதத்தையும் பார்க்கவேண்டும். கடல்நீர் ஒரு நாளில் இருமுறை ஏறி, இருமுறை வடிகிறது. இதை ஓதம் என்பது பழந்தமிழ் வழக்கு. ஏற்றம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வரும். அமாவாசை, முழுநிலவு நாள்களில் ஏற்றமும் மிகுதி, வற்றலும் மிகுதி. சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனால் அந்த ஒரு மீட்டர், மணல் ஒடுங்கிய இடங்களில் நடக்கும் வழியையே விழுங்கிவிடும். நீர் வற்றியிருக்கும்போது ஈரமணல் இறுகிக் கிடக்கும், நடப்பது எளிது. நீர் ஏறியபோது உலர்ந்த மணலில் கால் புதையப் புதைய நடக்கவேண்டும். அதே ஏழு கிலோமீட்டர் அப்போது பத்துப் பன்னிரண்டு போலத் தோன்றும்.

அடுத்தது உறக்கம். பயணத் திட்டங்களில் பெரும்பாலோர் மறப்பது இதைத்தான். பாலக்காட்டிலிருந்து சென்னை ஏறத்தாழ 550 கிலோமீட்டர். வெள்ளி இரவு வண்டியேறினால் சனி காலை சென்று சேர்வோம். சனி இரவு நடை. ஞாயிறு இரவு மீண்டும் வண்டி. மூன்று இரவுகளும் படுக்கையில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? சனிக்கிழமை பகலில் மெரினாவையும் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம் என்று உங்களுள் ஒருவர் நிச்சயம் கேட்பார். நான் இசையமாட்டேன். அன்று பகல் உணவுக்குப் பின் மாலைவரை அனைவரும் படுத்தே ஆகவேண்டும். உறக்கம் வராவிட்டாலும் கண்மூடிக் கிடக்கவேண்டும். ஞாயிறு காலையும் அவ்வாறே. திங்கட்கிழமை விடுப்புக்கு முதல்வரிடம் முன்னரே எழுத்தில் இசைவு பெறவேண்டும். உறங்காத பிள்ளை மணலில் தடுமாறும், எரிச்சல் கொள்ளும், சொன்னதைக் கேளாது. விபத்துகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இப்பாடத்தின் நடுப்பொருளாகிய இருளுக்கு வருகிறேன்.

இரவில் வெளியே செல்வதென்றால் கைவிளக்கு எடுத்துக்கொள் என்பார்கள். இந்நடையில் விளக்கு கூடாது. காரணம் ஆமையின் வாழ்விலேயே இருக்கிறது. தாய் ஆமை இருளில்தான் கரையேறும். வெளிச்சமோ நடமாட்டமோ கண்டால், முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். அச்சமின்றி ஏறினால், பின்கால்களால் ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போன்ற குழி தோண்டி, நூறு முட்டைகளைச் சுற்றி இடும். பிறகு மணலை மூடி, தன் உடலாலேயே தட்டித் தட்டி இறுக்கும். அந்தத் தட்டும் ஓசையை அருகிலிருந்து கேட்டவர் மறக்கமாட்டார். பின்னர் கடலுக்குப் போய்விடும், திரும்பிப் பார்ப்பதில்லை.

முட்டைகள் 45 முதல் 60 நாள்களில் பொரிக்கும். மணலின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும் என்பது வியப்பான உண்மை. பொரித்த குஞ்சுகளுக்கு வழிகாட்டத் தாய் இல்லை. அவற்றுக்குத் தெரிந்தது ஒன்றே: வெளிச்சம் மிகுந்த அடிவானத்தை நோக்கி ஓடு. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக இரவில் வெளிச்சம் மிகுந்த திசை கடலாகவே இருந்தது. விண்மீன் ஒளியும் நிலவொளியும் நீரில் பட்டு மின்னும். இப்போதோ நகரின் தெருவிளக்குகள் கடலைவிட ஒளிர்கின்றன. குஞ்சுகள் சாலையை நோக்கி ஓடுகின்றன. நாய்க்கும் காக்கைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் இரையாகின்றன. இதனாலேயே நடைக்குழுவினர் கூடுகளைக் கண்டறிந்து, வனத்துறையின் இசைவோடு முட்டைகளை எடுத்துச் சென்று, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்துவைக்கின்றனர். குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் விடுகின்றனர். கடலாமை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படும் உயிர். ஆகவே அம்முட்டைகளைத் தொடும் உரிமை நமக்கில்லை. நாம் உடன் நடப்பவர்கள் மட்டுமே.

விளக்கின்றி எவ்வாறு நடப்பது என்று அஞ்சவேண்டாம். இருளுக்குக் கண் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். பழகிய பின் அலையின் நுரையும் படகின் நிழலும் முன்னால் செல்பவரின் தோளும் தெளிவாகத் தெரியும். இடையில் ஒருவர் ஒரே ஒரு நொடி கைபேசித் திரையைத் திறந்தால் போதும். அவருக்கும் அருகிலுள்ள நால்வருக்கும் அந்த முப்பது நிமிடமும் வீண். ஆகையால் கைபேசிகள் அனைத்தும் ஆசிரியர் பையில் ஒன்றாக இருக்கும். வழிநடத்தும் தொண்டரிடம் தேவைக்கென விளக்கு இருக்கும், அது போதும். திசை தவறுமோ என்ற கவலையும் வேண்டா. நாம் வடக்கு நோக்கி நடக்கிறோம், கடல் எப்போதும் வலப்பக்கம். நம் கேரளக் கரையில் வடக்கு நோக்கி நடந்தால் கடல் இடப்பக்கம் இருக்கும். சூரியன் கடலில் மறையும். சென்னையில் சூரியன் கடலிலிருந்து எழும். வரைபடத்தை விரித்து இதை விரலால் நடந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலைப் பற்றி ஒரு விதி உண்டு. அதில் விலக்கே இல்லை. முழங்காலளவு நீரிலும் இறங்கக்கூடாது. கரையில் மோதிய நீர் சில இடங்களில் ஒடுங்கிய பாதையாகத் திரண்டு, கடலுக்குள் விரைந்து திரும்பும். அந்த இழுப்பில் நன்கு நீந்தத் தெரிந்தவரும் சிக்குவர். நாமோ ஆற்றையும் அணையையும் கண்டவர்கள். கடல் இழுப்பை அறியாதவர்கள். நடை முடியும் பெசன்ட் நகர்க் கடற்கரையில் வெண்ணிறமான நினைவு வளைவு ஒன்று நிற்கிறது. 1930 டிசம்பர் 30 அன்று, மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் காக்கக் கடலில் இறங்கித் தன்னுயிர் நீத்த ஷ்மிட் என்னும் டென்மார்க் நாட்டு மாலுமிக்காக எழுப்பப்பட்டது அது. கடலிலேயே வாழ்ந்த ஒரு மாலுமி அவர். விடியலில் அதன்முன் நாம் அமர்ந்து இளைப்பாறும்போது இதை நினைவூட்டுவேன்.

அடுத்து, எண்ணிக்கை. இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஏனெனில் தவறு என்னுடையது. பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் பணியாற்றியபோது, 24 மாணவர்களை ஓரிரவு கடற்கரை நடைக்கு அழைத்துச் சென்றேன். விளக்கில்லாததால் வரிசை எண் சொல்லும் முறையை வைத்திருந்தேன். அரைமணிக்கு ஒருமுறை நின்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொருவரும் தம் எண்ணை உரக்கச் சொல்லவேண்டும். மூன்றாம் முறை 24 எண்களும் முறையாக ஒலித்தன. நிறைவோடு நடந்தேன். நான்காம் முறையில் பதினேழாம் எண் இல்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, மூன்றாம் முறை பதினேழாம் எண்ணைச் சொன்னது அவனுடைய நண்பன். வகுப்பில் வருகைப் பதிவின்போது ஒருவனுக்காக மற்றொருவன் குரல் கொடுப்பதுபோல விளையாட்டாகச் சொல்லியிருக்கிறான். அந்தச் சிறுவன் எங்களைப் பிரிந்து அரைமணிக்கு மேலாகிவிட்டது. வலப்பக்கம் கடல். அப்போது என் வாயில் ஊறிய கசப்பு இன்றும் நினைவிருக்கிறது. இருவர் இருவராகத் திரும்பி நடந்து தேடினோம். இருபது நிமிடத்தில் கண்டோம். காலணிக்குள் புகுந்த மணலைத் தட்டக் கட்டுமரம் ஒன்றின் மறைவில் உட்கார்ந்தவன், அப்படியே சாய்ந்து உறங்கிவிட்டான். எழுப்பியபோது, விடிந்துவிட்டதா ஐயா என்று கேட்டான்.

அன்று முதல் எண் சொல்வதோடு நிறுத்துவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் இணை உண்டு. எண் சொல்லும்போது இணையின் தோளைத் தொட்டிருக்கவேண்டும். எண்மருக்கு ஒரு பெரியவர். குழுவின் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பின்னால் வருபவரைத் தாண்டி எவரும் பின்தங்கக்கூடாது. அந்தக் கடைசி ஆள் பதவியை விரும்பிக் கேட்பவர் குறைவு. ஆனால் என் கணக்கில் குழுத்தலைவரைவிட அவரே முதன்மையானவர். மாணவியர் வருவதால் ஆசிரியைகளும் உடன் வரவேண்டும். கழிப்பறை வசதி கரையில் கிடையாது என்பதால், புறப்படுமுன் தங்குமிடத்திலேயே அனைவரும் முடித்துக்கொள்ளவேண்டும். சிரிக்காதீர்கள், இதைத் திட்டத்தில் எழுதாத குழுவினர் பட்ட பாட்டை நான் அறிவேன்.

எடுத்துச் செல்லும் பொருள்கள் குறைவு. தண்ணீர் ஒருவருக்கு ஒரு லிட்டர், நான்கு கடலை மிட்டாய் அல்லது இரண்டு வாழைப்பழம், கழுத்தில் ஓர் ஊதல், மூடிய காலணி. வெறுங்காலில் மணலில் நடக்க ஆசையாக இருக்கும், ஆனால் நகரக் கடற்கரையில் கண்ணாடிச் சில்லுகள் புதைந்திருக்கும். உடை அடர்நிறத்தில் இருப்பது நல்லது. மருந்து உட்கொள்பவர் அதைத் தாமே வைத்துக்கொண்டு, பெயரை ஆசிரியரிடமும் எழுதித் தரவேண்டும்.

வழியில் மீனவர் குப்பங்கள் உண்டு. படகுகளின் கயிறுகளும் நங்கூரங்களும் குவித்த வலைகளும் மணலில் கிடக்கும்; வெக்கை மிகுந்தால் மக்கள் மணலிலேயே படுத்துறங்குவர். அவர்களுக்கு அது வீட்டு முற்றம். உரத்த பேச்சோ பாட்டோ அங்கே கூடாது. எதிரே வருபவர் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டால் நின்று விடை சொல்லுங்கள். அவர்களும் தமிழ் பேசுபவர்கள்தான். ஆனால் நீங்கள் வீட்டில் கேட்கும் தமிழும் அவர்களுடைய தமிழும் வேறுவேறாக ஒலிக்கும். அதைக் கேட்பதே ஒரு பாடம்.

ஆமையைக் காண்போமா என்பதுதான் உங்கள் முதற்கேள்வியாக இருந்திருக்கும். நான் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். காணாமலும் போகலாம். பல இரவுகளில் நடப்பவர் காண்பது, நீரிலிருந்து மேலேறி மீண்டும் நீருக்கே திரும்பும் தடம் மட்டுமே. சிறிய டிராக்டர் சக்கரம் உருண்டதுபோல இருக்கும். சில இரவுகளில் இறந்த ஆமைகள் ஒதுங்கிக் கிடக்கும். நுரையீரலால் மூச்சுவிடும் உயிராதலால் இழுவலையில் சிக்கினால் மேலெழ முடியாமல் மூச்சடைத்து இறக்கும். 2025 சனவரியில் சென்னைக் கரையில் அவ்வாறு நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. அத்தகைய காட்சியையும் நாம் காண நேரலாம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இறந்ததைத் தொடாமல், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எத்தனை என்று தொண்டர்கள் குறித்துக்கொள்வர். விரும்புபவர் அக்குறிப்பை எழுதும் பணியில் உதவலாம்.

சென்னைக்குப் போக முடியாவிட்டால் என்ன செய்வது? கோழிக்கோடு மாவட்டத்தில் பய்யோளியை அடுத்த கொளாவிப்பாலத்தில் மீனவ இளைஞர்கள் 1992ஆம் ஆண்டு முதல் இதே பணியைச் செய்து வருகின்றனர். நமக்கு அது அருகில். கடலரிப்பால் அங்கே மணல்வெளி சுருங்கிவிட்டது என்பதால், நீண்ட நடைக்கு இடம் குறைவு.

புறப்படுமுன் ஓர் ஒத்திகை வேண்டும். அடுத்த சனிக்கிழமை மாலை, பெரியவர்களுடன் பள்ளி விளையாட்டுத் திடலில் கூடுவோம். விளக்குகளை அணைத்துவிட்டு, கண் பழகும்வரை பேசாமல் அமர்ந்திருப்போம். பிறகு இணை இணையாக எட்டுச் சுற்று நடந்து, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எண் சொல்வோம்.

அதற்கு முன் எழுதவேண்டிய பயிற்சி இது. உங்கள் பெற்றோருக்கு இசைவு கேட்டு ஒரு கடிதம் எழுதுக. எங்கே, எந்த நாள்கள், யார் உடன் வருகிறார்கள், எத்தனை மணிக்கு எங்கே இருப்போம், அவசரத்துக்கு யாரை அழைப்பது, செலவு எவ்வளவு ஆகியவை அதில் இடம்பெறவேண்டும். தமிழில் எழுதுக. வீட்டில் தமிழ் பேசுவோர் அனைவருக்கும் தமிழ் படிக்கத் தெரிந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆகவே மாலையில் அவர்கள் தோப்பிலிருந்து திரும்பி, கைகால் கழுவி அமர்ந்த பின், கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டுக. அவர்கள் கேட்கும் கேள்விகளைக் கடிதத்தின் பின்புறத்தில் குறித்து, திங்களன்று கொண்டுவருக.